மரத்தின் மணமும் மனிதனின் புகையும்

மரங்கள் காற்றைக் கெடுக்கின்றனவா? கேட்டவுடன் நகைப்பை வரவழைக்கும் கேள்வி இது. 1980-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ரொனால்ட் ரீகன், காற்றில் கலக்கும் மாசில் பெரும்பகுதி மரஞ்செடிகொடிகளிலிருந்தே வருகிறது, ஆகவே தொழிற்சாலைகளையும் மோட்டார் வண்டிகளையும் அளவுக்கு மீறி நெருக்க வேண்டியதில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். நாடே சிரித்தது. அவர் பேசவந்த கல்லூரி வளாகமொன்றில், தன்னை வெட்டிவிடுமாறு மரமே வேண்டிக்கொள்வதுபோல் எழுதிய அட்டையை மாணவர்கள் மரத்தில் மாட்டி வைத்தனர். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. ஆயினும் ரீகனின் கூற்றில் பாதி உண்மை இருந்தது. முழுப்பொய்யாக இருந்திருந்தால் அன்றே மறந்திருக்கலாம். பாதி உண்மையாக இருப்பதால் அதனைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அறநெறியில் அக்கறையுள்ள கிறிஸ்தவனுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

மரங்கள் உயிர்வளி தருகின்றன என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அவை வேறு பலவற்றையும் காற்றில் விடுகின்றன என்பதைப் பாடநூல் அதிகம் சொல்வதில்லை, மூக்கு அறியும். எலுமிச்சை இலையைக் கசக்கினால் எழும் மணம், உதகையில் தைலமரக் காட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சை நிறைக்கும் வாசனை, பைன் மரப் பிசினின் நெடி ஆகியன பெரும்பாலும் டெர்பீன் என்னும் இனத்தைச் சார்ந்த ஆவிகள். மூக்குக்குப் பெரிதும் புலப்படாத ஐசோப்ரீன் என்னும் ஆவியே இவ்வகையில் அளவால் மிகுதியானது. உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 கோடி டன் ஐசோப்ரீனை வெளியிடுகின்றன எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். தாவர ஆவிகள் அனைத்தையும் கூட்டினால், மனிதர் பெட்ரோலிலிருந்தும் வண்ணப்பூச்சுகளிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் வெளியேற்றும் கரிம ஆவிகளைக் காட்டிலும் அது பன்மடங்கு மிகுதி. ரீகன் பற்றிக்கொண்ட பாதி உண்மை இதுவே.

மரம் இதனை ஏன் செய்கிறது? வெயில் ஏற ஏற ஐசோப்ரீனும் மிகுதியாக வெளியேறுகிறது. கொதிக்கும் நண்பகலில் இலையின் மெல்லிய உள்ளமைப்பு சிதையாமல் நிற்க அது துணைசெய்கிறது. வேறு சில ஆவிகள் பூச்சிகளை விரட்டுகின்றன. தன்னைத் தின்னும் புழுவுக்குப் பகையான குளவியை மணத்தாலேயே வரவழைத்துக்கொள்ளும் செடிகளும் உண்டு. ஆக, மரம் தன்னைக் காத்துக்கொள்ளவே இவற்றை வெளிவிடுகிறது. நமக்கு மழை வேண்டும் என்று அது எண்ணுவதில்லை.

எனினும் அதன் மூச்சு மழைவரைக்கும் போகிறது. கோடையில் காட்டு மலைகளின்மேல் தெரியும் நீல மூட்டம் மரங்கள் விடும் ஆவியிலிருந்தே பிறக்கிறது என்று டச்சுத் தாவரவியல் அறிஞர் ஃபிரிட்ஸ் வெண்ட் 1960-இல் எழுதினார். (நம் நீலகிரிக்குப் பெயர் தந்தது இத்தகைய மூட்டமா, குறிஞ்சிப் பூவா என்னும் வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை.) இலையிலிருந்து எழும் ஆவி, வெயிலில் ஓசோனோடும் பிற வினையூக்கமுள்ள மூலக்கூறுகளோடும் சேர்ந்து மாறுகிறது. மாறியபின் அதற்குப் பழையபடி ஆவியாகத் திரியும் இயல்பு குறைந்துபோகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத துகளாகித் திரண்டு, நாளடைவில் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வளர்கிறது.

இத்தனை சிறிய துகளால் என்ன ஆகும்? குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின்மேல் ஈரம் முத்து முத்தாகப் படிவதைப் பார்த்திருக்கிறோம். படிவதற்குச் செம்பு வேண்டும். வானத்திலும் அவ்வாறே. காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், பற்றிக்கொள்ள ஒரு துகள் இல்லையேல் முகில்துளி எளிதில் உருவாகாது. குருசுக்குப்பத்துக் கரையில் அலை உடையும்போது சிதறும் திவலை காய்ந்து, அதிலுள்ள உப்புத் துகள் மேலேறி அத்தகைய கருவாகிறது. கடல் எட்டாத உள்நாட்டுக் காடுகளில் அப்பணியின் பெரும்பங்கை மரத்தின் மூச்சே செய்கிறது. இப்படிப் பிறந்த முகில்துளிகள் ஏறத்தாழ பத்து இலட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. முகில் மழையைத் தருவதோடு நிற்பதில்லை. வெண்மையான அதன் முதுகு கதிரவனின் ஒளியைத் திருப்பியனுப்பிப் பூமியைக் குளிர்விக்கிறது. இறைவாக்கினர் எலியாவின் பணியாளன் கடலின்மேல் கண்ட கையளவு மேகத்தை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கையளவுக்குள் எண்ணற்ற கருக்கள் இருந்திருக்கும்.

தொழிற்சாலைப் புகையில் உள்ள கந்தகம் இன்றிப் புதுத்துகள்கள் தோன்றுவது அரிது என்றே அறிவியலார் நெடுநாள் கருதி வந்தனர். ஜெனீவா நகரையொட்டிய செர்ன் ஆய்வகத்தில், துருப்பிடியா எஃகினால் ஆன பெரிய கலத்துள் தூய காற்றை அடைத்து, பைன் மரத்தின் ஆவியை மட்டும் கலந்து பார்த்தார்கள். கந்தக அமிலம் ஒரு துளியும் இல்லாமலே துகள்கள் பிறந்தன. 2016-இல் வெளியான இம்முடிவு, மனிதன் புகைமூட்டத் தொடங்குமுன் இருந்த வானத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது. அவ்வானம் நாம் நினைத்ததைவிட முகில் மிகுந்ததாக இருந்திருக்கவேண்டும். அமேசான் காட்டின்மேல் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் விமானத்தில் பறந்து ஆராய்ந்தவர்கள் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டு 2024-இல் வெளியிட்டனர். இரவில் எழும் இடிமுகில்கள் காட்டின் ஐசோப்ரீனை 8 முதல் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு அள்ளிச் செல்கின்றன. பொழுது விடிந்து கதிரொளி பட்டதும் அந்தக் கடுங்குளிரில் அது துகள்களாகிறது. அத்துகள்கள் நெடுந்தொலைவு பரவிப் பின்னர்க் கீழிறங்கித் தொலைதூரக் கடல்களின் முகில்களுக்கும் கருவாகலாம்.

இதுவரை சொன்னது மரத்தின் புகழ். இனி, ரீகனின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம்.

அதே ஐசோப்ரீன் நெரிசல் மிகுந்த நகர வீதிக்குள் வரும்போது என்ன ஆகிறது? வண்டிகளின் எஞ்சினும் அனல்மின் நிலையத்தின் உலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்குகின்றன. மரத்தின் ஆவி வெயிலில் அவற்றோடு கூடும்போது, தரைமட்டத்தில் ஓசோன் பெருகுகிறது. உயரே இருந்து நம்மைக் காக்கும் ஓசோன் இங்கே நுரையீரலை அரிக்கிறது. நெல்லையும் கோதுமையையும் வாட்டுகிறது. 1988-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரை ஆராய்ந்தவர்கள், அங்கே ஓசோன் உண்டாவதில் மரங்களின் பங்கு கணிசமானது என்று கண்டறிந்தனர். ரீகன் மகிழ்ந்திருக்கலாம். ஆனால், அவ்வாய்விலிருந்து பெறப்பட்ட படிப்பினை அவருடையதற்கு நேர்மாறானது. மரங்கள் தம் ஆவியை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே மனிதன் தன் கரிம ஆவியை மட்டும் குறைத்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்தியே தீரவேண்டும் என்பதே அது. மரத்தின் கணக்கைச் சேர்த்ததும் மனிதனின் பொறுப்புக் கூடிற்றே ஒழியக் குறையவில்லை.

முகிலின் கதையும் இதையொத்ததே. கரு வேண்டும் என்பதற்காகக் கரு மிகுந்துகொண்டே போனால் நன்மையன்று. இருக்கும் ஈரத்தை அளவுக்கு மீறிய துகள்கள் பங்கிட்டுக்கொண்டால் துளிகள் மிகச் சிறியவையாகிவிடுகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து மழையாக இறங்கத் தாமதமாகிறது. இந்தியப் பெருங்கடல்மேல் 1999-இல் பல நாட்டு அறிஞர் கூடி நடத்திய ஆய்வில், குளிர்கால மாதங்களில் தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவிக் கிடக்கும் பழுப்பு மூட்டம் மூன்று கிலோமீட்டர் உயரம்வரை எட்டுவதைக் கண்டனர். அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் தமிழகத்தில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். 2004 முதல் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினர். விறகும் சாணமும் டீசலும் நிலக்கரியும் எரிந்த புகை அது. காட்டின் மெல்லிய மூச்சு இன்று இத்தகைய புகைக்குள்தான் கலக்கிறது.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது. ஒரே மரம், ஒரே ஆவி. தூய காற்றில் அது முகிலுக்குக் கரு. நம் காற்றில் அது நஞ்சுக்கு மூலப்பொருள். குற்றம் யாருடையது?

மனிதச் செயலை எடைபோடக் கத்தோலிக்க அறநெறி மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: செய்யப்படும் செயல், செய்பவரின் நோக்கம், அது நிகழும் சூழ்நிலை. புனித தாமஸ் அக்குவினாஸ் விரித்துரைத்த இப்பகுப்பை 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் எடுத்துரைக்கிறது. மரம் மனிதனன்று, அதற்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. ஆனால், அறிவற்ற பொருள்களும் ஒரு முடிவை நோக்கியே இயங்குகின்றன, வில்லாளி எய்த அம்பு இலக்கை நோக்கிச் செல்வதுபோல என்று அதே தாமஸ் கற்பித்தார். எய்தவர் படைத்தவர். அம்பு மாறவில்லை, இலக்கும் மாறவில்லை; பறந்து செல்லும் வெளியை நாம் மாற்றிவிட்டோம். மரத்தின் செயலுக்குச் சூழ்நிலையை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் நாம். ஆகவே, மரம் காற்றைக் கெடுக்கிறது என்னும் வாக்கியத்தில் எழுவாய் மரமாக இருந்தாலும் வினைமுதல் மனிதனே.

குருசுக்குப்பத்து மக்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கரையே இதற்கு உரை எழுதியிருக்கிறது. பெயரிலே குருசைத் தாங்கிய அந்த மீனவர் குப்பத்துக்கு முன்னே ஒருகாலத்தில் மணற்கரை இருந்தது. அங்கே கட்டுமரத்தை ஏற்றுவார்கள், வலையை உலர்த்துவார்கள். அந்த மணலைக் கொண்டுவந்து சேர்த்தது கடல்தான். சோழமண்டலக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் மணலைச் சுமந்து செல்லும். ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்திலிருந்து கொணர்ந்து நிரப்பும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. மணல் தெற்கே தங்கிவிட்டது. நீரோட்டமோ தன் வேலையை நிறுத்தவில்லை. வடக்கே வழக்கம்போல் மணலை எடுத்துச் சென்றது, ஈடாகக் கொடுக்கத்தான் அதனிடம் ஒன்றும் இல்லை. புதுச்சேரியின் கடற்கரை கரைந்தது. குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் கரைந்தன. கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்தபோது அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து தமிழகக் குப்பங்களை எட்டியது. கடலரிப்பு என்று நாம் பெயர் வைத்தோம். கடலா அரித்தது? அன்று மணலைத் தந்த அதே நீரோட்டம், அதே திசையில், அதே கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இதனை மறுக்க ஒருவர் சொல்லக்கூடும்: துறைமுகம் கட்டியவர் குப்பத்தை அழிக்க எண்ணவில்லை, வண்டியோட்டி வேலைக்குச் செல்பவர் ஓசோனைப் பெருக்க எண்ணவில்லை, நோக்கமில்லாத இடத்தில் குற்றம் ஏது? இதற்கும் திருச்சபையின் மரபில் விடை உண்டு. வெல்ல முடியாத அறியாமை குற்றத்தை நீக்கும் என்று நம் முன்னோர் கற்பித்தனர். அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருப்பதை அவர்கள் அவ்வாறு மன்னித்துவிடவில்லை. நீரோட்டத்தின் திசை பொறியாளர்க்குத் தெரியாத இரகசியமன்று. தேங்கும் மணலை இறைத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பதும் தெரிந்ததே. காற்றின் செய்தியும் இன்று மறைவானதன்று. 1990-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழல் நெருக்கடி ஓர் ஒழுக்க நெருக்கடி என்று எடுத்துரைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ஒரு சுற்றுமடலும், 2023-இல் அதைத் தொடர்ந்து ஒரு திருத்தூது ஊக்கவுரையும் தந்துவிட்டுச் சென்றார். அறியாமை என்னும் அடைக்கலம் நமக்கு இனி இல்லை.

ஆயினும் அறிவும் ஆற்றலும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. ஃபைபர் படகில் சிறு எஞ்சின் பூட்டிக் கடலுக்குச் செல்பவரையும், ஒருவர் பயணம் செய்யப் பெரிய காரை எடுப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. புகையில் பெரும்பங்கு உடையவர் வேறு. மழை தவறினாலும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் நனைபவர் வேறு. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியபோது, தண்ணீர் எந்தத் தெருக்களில் முதலில் ஏறி எங்கே கடைசியில் வடிந்தது என்பதை நாம் கண்டோம்.

நம் பாவசங்கீர்த்தன ஆயத்தத்தில் எதைச் செய்தேன், எதைச் செய்யத் தவறினேன் என்று கேட்டுக்கொள்கிறோம். பிறருடைய நற்செயல் தீதாய்த் திரும்பும்படி எத்தகைய சூழலை உண்டாக்கினேன் என்று கேட்பதில்லை. இது புதுக்கேள்வியன்று. இடறல் என்று நற்செய்தி கடிந்துரைக்கும் பாவம் இதுவே: நேர்வழியில் செல்பவர் விழும்படி பாதையில் கல்லை வைப்பது. நாம் அதனைச் சிறியோருக்குக் கெட்ட முன்மாதிரி காட்டுவதாக மட்டுமே சுருக்கிப் புரிந்துகொண்டோம். கடலின் பாதையில் கல்லை வைத்ததும் காற்றின் பாதையில் புகையை வைத்ததும் அப்பட்டியலில் சேரக்கூடாதா? இறையியல் வல்லோர் என்னைத் திருத்தலாம். சேரும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரம் நட்டால் ஈடாகிவிடும் என்பார் பலர். சுற்றுச்சூழல் நாளில் பங்குத் தளங்களில் கன்று நடும் விழாக்களை நான் குறைகூறவில்லை. நிழல் என்றும் வேண்டும். ஆனால், ஆயிரம் கன்றை நட்டுவிட்டு ஆயிரம் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளும் ஊர், அந்தக் கன்றுகள் வளர்ந்து விடப்போகும் மூச்சைத் தன் புகைக்கே இரையாக்குகிறது. பிரதிக்கினை இல்லாத அபராதம் போன்றது அது. எல்லா மரமும் ஒரே மூச்சு விடுவதுமில்லை. தைலமரம் இந்த ஆவிகளை மிகுதியாக வெளியிடும் இனம். விரைவில் பணமாகிறது என்பதற்காக அதனையே மைல்கணக்கில் நடுவதும், மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காட்டில் பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டு நிற்கும் பல்வகை மரக்கூட்டமும் ஒன்றாகா. மரத்தை மரம் என்று மட்டும் அறிந்தால் போதாது, பெயர் சொல்லி அறியவேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரகத்தை வளர்த்த இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ அடிகள் 2004-இல் மறையும்வரை அதைத்தான் செய்தார்; தமிழகத்துச் சமவெளிகளின் செடிகொடிகளையும் பழனி மலையின் செடிகொடிகளையும் ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டுப் பல தொகுதிகளில் பதிந்து வைத்தார். அவருடைய மறையுரைகளை நான் கேட்டதில்லை. அந்தத் தொகுதிகளே போதும் என்று தோன்றுவதுண்டு.

இன்னொரு சாரார், இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பார்கள். வெப்பம் கூடினால் காடுகள் மிகுதியாக ஆவி விடும், முகில் வெண்மையாகும், பூமி குளிரும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குத் தவறன்று, தொகைதான் சிறிது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சில காடுகளின்மேல் இவ்விளைவு ஓரளவு உணரப்பட்டாலும் உலகளவில் மிகச் சொற்பம் எனக் காட்டியது. நம் கடனை அடைக்கும் ஆற்றல் காட்டுக்கு இல்லை. அதனிடம் கடன் வாங்கியதாக நாம் ஒப்புக்கொண்டதுகூட இல்லை.

திவ்விய நற்கருணை ஆசீரின்போது தூபக்கலசத்திலிருந்து எழுவதும் மரத்தின் பொருளே. சாம்பிராணியும் குந்துருக்கமும் காயம்பட்ட மரம் வடிக்கும் பிசின். குந்துருக்கத்தின் மணம் பெரும்பாலும் நாம் மேலே பேசிய டெர்பீன் இனத்தைச் சேர்ந்தது. பீடத்தின்முன் அதனை மன்றாட்டின் அடையாளமாக உயர்த்தும் நாம், கோயிலுக்கு வெளியே அதே மணம் எதனோடு கலக்கிறது என்று பார்ப்பதில்லை.

கரியமிலவாயு போன்று நூற்றாண்டுக்கணக்கில் வானில் தங்குபவை உண்டு. இந்த நுண்துகள்கள் அப்படிப்பட்டவையல்ல. ஓரிரு வாரத்தில் மழையோடோ தாமாகவோ இறங்கிவிடும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வண்டிகள் நின்ற சில நாள்களிலேயே, பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து தௌலாதார் மலைகளின் பனிமுகடுகளைப் பல்லாண்டுகளுக்குப் பின் மக்கள் கண்டார்கள். அத்தனை காலமும் மலை அங்கேதான் இருந்தது. புதுச்சேரியிலும் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகினால் ஆன பெரிய அமைப்பொன்றை இறக்கி அலையின் வேகத்தைத் தணித்தனர். நீரோட்டத்துக்கு யாரும் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொடுக்கவில்லை. மணல் திரும்பி வந்தது, காந்தி சிலைப் பக்கம் பிள்ளைகள் மீண்டும் மணலில் இறங்கி விளையாடினார்கள். அதற்கு வடக்கே, குருசுக்குப்பத்துக் கரையில் அலை இன்னும் கருங்கற்களின்மேல்தான் வந்து மோதுகிறது.